உழாத வயலில் ஒரு கட்டுமரம்

பூவராகன் என் மச்சான். அவன் தங்கை முத்தம்மாளைத்தான் நான் கட்டியிருக்கிறேன். ஆகவே அவனைப் புகழ்ந்து எழுத எனக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது. மச்சானைப் புகழ்கிற வழக்கம் எங்கள் கிள்ளைப் பக்கத்தில் யாருக்கும் இல்லை. ஆனாலும் சிதம்பரத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில், உழாத நிலத்தில் விதையையும் உரத்தையும் ஒரே ஓட்டத்தில் போடுகிற கருவியை அவன் எப்படிச் செய்தான் என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வருகிறது. நான் அங்கே பம்புசெட் பார்த்தவன். எல்லாவற்றையும் கண்ணால் கண்டவன்.

மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன் அவன். ஆனால் கடலுக்குள் போனால் வாந்தி எடுப்பான். அவன் அப்பா இரண்டு மூன்று தடவை கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, இவன் வலைக்கு ஆகமாட்டான் என்று கரையிலேயே விட்டுவிட்டார். மோட்டார் படகுகள் வந்த புதிதில் கடலூர் துறைமுகத்துக்குப் போய் இஞ்சின் வேலை கற்றுக்கொண்டான். கை நன்றாக ஓடியது, வாய் அதைவிட நன்றாக ஓடியது. படகு முதலாளி ஒருவரிடம் சண்டை போட்டுக்கொண்டு, "உங்க தயவு இல்லாம கரையிலயே நான் பேரு வாங்கிக் காட்டறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்துவிட்டான். அந்தச் சமயம் பண்ணைப் பம்பு பழுதாகி நான் திண்டாடிக்கொண்டிருந்தேன். அவனைக் கூட்டிவந்தேன். பம்பைச் சரிசெய்தவன் அப்படியே தினக்கூலி ஃபிட்டராக ஒட்டிக்கொண்டான்.

அவனிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "ஆவும்." துருப்பிடித்துச் செத்துப்போன மோட்டாரைக் காட்டினாலும் ஆவும். எப்படி ஆகும் என்று கேட்டால் மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான்.

பண்ணையில் அப்போது கனகசபாபதி சார் என்று ஓர் அதிகாரி இருந்தார். சிதம்பரம் கீழவீதிக்காரர், சின்ன வயசு, யாரையும் அதட்டத் தெரியாத மனுஷர். எங்கள் பக்கத்தில் தை மாதம் சம்பா அறுத்ததும் நிலம் மெழுகு மாதிரி இருக்கும். சில நாளில் காய்ந்து பிளந்துவிடும். உழுது பண்படுத்தி விதைப்பதற்குள் ஈரம் போய்விடும். அதனால் குடியானவர்கள் நெல் நிற்கும்போதே உளுந்தைக் கையால் வீசிவிடுவார்கள். பாதி குருவிக்கு, மீதி அவர்களுக்கு. உரம் போடுகிற பேச்சே கிடையாது. சார் சொன்னது இதுதான்: நெல் அறுத்த தாளுக்கு நடுவிலேயே, உழாமல், மண்ணைக் கீறி விதையை ஒரு ஆழத்திலும் உரத்தை இன்னொரு ஆழத்திலும் இறக்கிவிட வேண்டும். ரேஷனில் அமெரிக்கக் கோதுமைக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஒரு நிலத்தில் இன்னொரு போகம் என்றால் சும்மாவா? ஆனால் பண்ணை ஆட்கள் "உழாம விதைக்கிற உத்தியோகம்" என்று சாரைக் கேலி செய்தார்கள்.

அறுபத்தைந்து தையில் சார் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்து, இரும்புச் சக்கரம் வைத்த கருவி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். வயலில் இறக்கியதும் சக்கரம் களியில் அச்சு வரைக்கும் புதைந்தது. மாடு இழுக்கிறது, ஆள் தள்ளுகிறான், அது அசையவே இல்லை. வரப்பில் நின்ற பூவராகன் வாய்விட்டுச் சிரித்தான்.

சார் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சிரிக்கிறியே, உன்னால ஆகுமா?"

"ஆவும் சார்."

"எப்படி?"

"அது இன்னும் தெரியாது சார். ஆனா ஆவும்."

கட்டுமரத்தை மணலில் இழுத்துக் கரை சேர்க்கிற வீட்டில் பிறந்தவனுக்குச் சக்கரத்தின் மேல் மரியாதை கிடையாது. இரண்டு மரங்களை அடிப்பக்கம் வழவழவென்று இழைத்து, முன்மூக்கைத் தூக்கிவிட்டு, இரண்டையும் குறுக்குச் சட்டம் போட்டுக் கட்டினான். களியின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. முன்னால் ஒரு வட்டத் தகடு தாளை வெட்டும். அதன் பின்னால் ஒரு கொழு மண்ணைக் கீறும். கீறின இடத்தில் குழாய் வழியே விதை விழும். படகில் சொல்கிற மாதிரியே முன்பக்கத்துக்கு அணியம் என்றும் பின்பக்கத்துக்கு அமரம் என்றும் பேர் வைத்தான். பண்ணை ஆட்கள் மொத்தக் கருவிக்கும் பூவராகன் கட்டுமரம் என்று பேர் வைத்தார்கள். ஆபீஸ் பேப்பரில் அதற்கு வேறு ஏதோ பேர் இருந்தது. அது யார் வாயிலும் நுழையவில்லை.

எல்லாம் அவன் மூளை என்று அவன் சொல்லுவான், நம்பவேண்டாம். விதையையும் உரத்தையும் ஒரே குழாயில் போடலாம் என்றுதான் ஒற்றைக்காலில் நின்றான். சார் வேண்டாம் என்றார். உரம் பட்டால் விதை வெந்துபோகும், உரம் இரண்டு விரற்கடை தள்ளிக் கீழே போகவேண்டும் என்றார். இவன் கேட்டானா? நாளெல்லாம் வாதாடினான். கடைசியில் சார் ஒரு மண்தொட்டியில் உளுந்தையும் உரத்தையும் ஒன்றாகப் போட்டு மூடி அவன் கண்முன்னால் வைத்தார். ஒரு விதை முளைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு போய் இரண்டாவது குழாய் வைத்தான். அடுத்த வாரமே அது தன்னுடைய யோசனை என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான்.

கருவியின் கூடவே நடந்து விதை போட இருசம்மாள் வந்தாள். நடவுப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. அவள் கையளவு பிசகாது. விதைக் கிண்ணத்திலிருந்து விரல் இடுக்கில் நாலைந்தாக விட்டுக்கொண்டே போவாள். முதலில் உரத்தையும் இன்னொரு பெண் கையால்தான் விட்டாள். விரலெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. இருசம்மாள் அந்தக் கையைப் பிடித்து இழுத்து வந்து பூவராகன் மூஞ்சிக்கு நேராகக் காட்டினாள்.

"இன்னாப்பா மிஷின் இது? மாட்டுக்கு நோவல, மனுசிக்கு நோவுது!"

இரண்டே நாளில் தகரத்தில் ஒரு பெட்டி செய்து, அடியில் துளை போட்டு, உரம் தானாகவே இறங்கும்படி செய்துவிட்டான். இருசம்மாளுக்கு அன்றைக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்தால் அவனுக்கு ஒரு கிண்ணம் வரும். கருவாடு எங்கள் வீட்டில் இல்லாத பொருளா? இருந்தாலும் இருசக்கா குழம்பு மாதிரி வருமா என்று என் வீட்டுக்காரியிடமே சொல்லுவான்.

அறுபத்தாறு தை கடைசியில் பரீட்சை வயல் போட்டார்கள். மூன்று துண்டு. ஒன்று உழுது விதைத்தது, ஒன்று கையால் வீசினது, ஒன்று கட்டுமரம் போட்டது. மாசியில் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்து பார்ப்பார். மிஷின் வயல் தேறினால் பண்ணையில் பட்டறை கட்டுவார்கள், மெக்கானிக் என்று நிரந்தர வேலை ஒன்று போடுவார்கள், அது பூவராகனுக்கு. தேறாவிட்டால் கட்டுமரம் ஷெட்டில் ஏறிவிடும். அவன் மறுபடி கடலூர் துறைமுகத்துக்குப் போய், சவால் விட்டுவிட்டு வந்த அதே முதலாளி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருசம்மாளுக்கும் தெரியும்.

விதைப்பு ஜோராக நடந்தது. பச்சமுத்து மாடு ஓட்டினான். அந்த வயலின் வடக்கு வரப்பில் பாதித் தொலைவில் ஒரு வேப்பமரமும் அடியில் கன்னிமார் கல் ஏழும் உண்டு. கல்லுக்கு நேராக வந்ததும் பச்சமுத்து மாட்டை நிறுத்துவான். தார்க்குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிடுவான். அவனுக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் நாலு பேர், வேண்டுதல் கொஞ்சம் நீளும். இருசம்மாளும் கிண்ணத்தைக் கருவியின் மேல் வைத்துவிட்டுக் கைகூப்புவாள். பிறகு ஓட்டம் தொடரும். அடுத்த சால் திரும்பி வரும்போதும் அப்படியே. எங்கள் ஊரில் கன்னிமாரைக் கும்பிடாமல் கடந்துபோகிறவன் எவன்?

விதைத்த மறுநாள் பூவராகனின் அண்ணன் ஆள் அனுப்பினான். படகு இஞ்சின் படுத்துவிட்டதாம். இவன் கடலூர் போனான், அப்படியே கிள்ளைக்கு வந்து மாசி மகம் முடித்துவிட்டுத்தான் பண்ணைக்குத் திரும்பினான். அதே சமயம் கனகசபாபதி சாருக்கு அம்மை போட்டு, வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். ஆக இரண்டு பேரும் வயலில் இல்லை.

திரும்பி வந்து வயலைப் பார்த்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. உளுந்து வரிசை வரிசையாக, ஓர் இடம் விடாமல் நிற்கிறது. வரப்பு நீளத்துக்கும் நடந்தான், திரும்ப நடந்தான். பிறகு டீக்கடைக்குப் போனான். அன்றைக்கு அவன் பேசின பேச்சை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

"ஒரு சந்து காட்டுங்கடா பாப்போம்! ஒரே ஒரு சந்து! மெட்ராஸ்காரன் வந்து மாலை போடப்போறான், பாரு மச்சான்!"

இரண்டு நாள் இப்படி ஆட்டம். மூன்றாம் நாள் மத்தியான வெயிலில் என் பம்பு ஷெட்டுக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான், ஒரு தபா வயலுக்கு வா."

போனேன். வெயிலில் சில செடிகள் மட்டும் இலை தொங்கிக் கிடந்தன. குனிந்து ஒரு செடியின் அடியைக் காட்டினான். காய்ந்த களியில் பெருவிரல் அழுந்தின குழி, பதம் பார்த்து அழுத்தினது, அப்படியே தெரிந்தது. அடுத்ததிலும் அதே குழி. மிஷினுக்கு ஏது பெருவிரல்?

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெண்கள் குடமும் கையுமாக இந்த வயலில் குனிந்து நின்றதை நானே ஷெட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். முளைக்காத இடத்துக்குப் பாடுவாசி என்று பேர். பாடுவாசி கண்டால் நெருக்கமான இடத்திலிருந்து ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து அங்கே வைத்து, ஒரு கை தண்ணீர் விடுவார்கள். நடவுக்காரி எவளும் இதைச் செய்வாள், யாரும் சொல்லவேண்டியதில்லை. வயலில் பெண்கள் சந்து நிரப்புவதில் நான் வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது?

இருசம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டான். அவள் ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. அவளுக்கு அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

"ஆமா, நெரப்பனேன். மொட்டை மொட்டையா கெடந்துச்சு. கை வீசின வயல்ல ஜாஸ்தியா மொளைச்சிருந்துச்சு, அங்க பேத்து இங்க வெச்சேன். வயல்ல சந்து கெடந்தா பாத்துகினு சும்மா போவாங்களா?"

"உன்ன யாரு நடச் சொன்னாங்கக்கா?"

"யாரு சொல்லணும்? பெரிய ஆபீசரு வர நேரத்துல உன் வயலு மொட்டையா கெடக்கணுமா? உனக்கு வேலை வரணும்னுதானே செஞ்சேன்!"

"எனக்கு வேலை வேணாம்! நீ நட்ட செடிக்கு நான் மாலை வாங்கிக்கறதா?"

இருசம்மாளின் முகம் சிறுத்துப்போயிற்று. கிண்ணத்தில் குழம்பு அனுப்பின கையை அப்படித் தட்டிவிட்டிருக்கக் கூடாது. எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. அவளை அனுப்பிவிட்டு அவனிடம் சொன்னேன், வாயை மூடிக்கொண்டு இரு என்று. தண்ணீர் விட்டால் நாலு நாளில் தொங்கினதெல்லாம் நிமிர்ந்துவிடும், மெட்ராஸ்காரன் பெருவிரல் குழியைத் தேடவா வருகிறான், ஆர்டரை வாங்கு, பிறகு மிஷினைச் சரிபண்ணிக்கொள் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். வீட்டில் நாலு வயிறு இருக்கிறவன் வேறு என்ன சொல்லுவான்?

அவன் நேராகக் கீழவீதிக்குப் போனான். சாருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அம்மைத் தழும்போடு வயலுக்கு வந்தார். பார்த்தார். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வயலும் போச்சுப்பா. இங்க நட்டாச்சு, அங்க பேத்தாச்சு. இனிமே எதை எண்ணினாலும் பொய்க் கணக்குதான்."

"நட்டதைப் புடுங்கிடலாம் சார். இங்கயாவது எத்தினி சந்துன்னு தெரியும்" என்றான் பூவராகன். சொன்னதோடு குனிந்துவிட்டான்.

இருசம்மாள் எங்கிருந்து ஓடி வந்தாளோ, வயலுக்குள் இறங்கி அவன் முன்னால் நின்றாள்.

"வேரு புடிச்ச பச்சைய எவனாவது புடுங்குவானா? தொட்டேன்னா பாரு!"

"எது நட்டது எது மொளைச்சதுன்னு தெரியணுமில்ல? நாளைக்குத் தண்ணி வுட்டா குழியும் அழிஞ்சிடும்!"

"தெரியணும்னா என்னைக் கேளு! நட்டவளுக்குத் தெரியாதா? கேக்கறதுக்கு வாயி இல்ல, புடுங்கறதுக்குக் கை இருக்குது!"

பூவராகன் நிமிர்ந்தான். "சரிக்கா. நீயே காட்டு" என்றான்.

அவள் விடுவிடுவென்று வரப்பேறினாள். களத்துக்குப் போய் ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்தாள். தான் நட்ட ஒவ்வொரு செடிக்கும் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துத் தளர்வாக முடிச்சுப் போட்டுக்கொண்டே போனாள். எதற்கும் தயங்கவில்லை. முடிச்சு விழ விழ நாங்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வயல் ஓரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. மற்றதெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தது. வடக்கு வரப்பிலிருந்து தெற்கு வரப்பு வரை, எல்லாச் சால்களையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, மஞ்சளாக ஒரு கோடு. ஒருத்தன் கயிறு பிடித்து இழுத்த மாதிரி நேர்க்கோடு.

கோட்டின் வடக்கு முனையில் கன்னிமார் கல்.

பச்சமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஆத்தா கோவம் சார் இது. உழாத மண்ணுல கீறலாமா?"

சாரும் பூவராகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சொன்னது யார் என்று இரண்டு பேரும் இன்னும் சண்டை போடுகிறார்கள், நான் அதற்குள் வரவில்லை. விஷயம் இதுதான். மாடு நிற்கிறது, இருசம்மாள் கைகூப்புகிறாள், அதனால் விதை நிற்கிறது. ஆனால் தகரப் பெட்டி கும்பிடாது. அது பாட்டுக்கு உரத்தை இறக்கிக்கொண்டே இருக்கிறது. பச்சமுத்துவின் நாலு பெண்களுக்கும் வேண்டுதல் முடிகிற வரை உரம் ஒரே இடத்தில் குவிந்து, பக்கத்தில் இருந்த விதையை வேகவைத்துவிட்டது.

"கல்லாண்ட மாட்டை நிறுத்தாதேன்னு சொல்லிடலாமா?" என்றார் சார் மெதுவாக. அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"அது ஆவாது சார்" என்றான் பூவராகன். அவன் வாயிலிருந்து ஆகாது என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "சாமி கும்பிடறதை நிறுத்தச் சொல்ல நாம யாரு? நானுந்தான் கும்பிடறேன். பொட்டியைத்தான் நிறுத்தணும்."

பெட்டித் துளைக்கு அடியில் ஒரு தகரக் கதவு வைத்தான். சும்மா விட்டால் ஸ்பிரிங் இழுத்து மூடிக்கொள்ளும். திறந்து வைக்க ஒரு கயிறு. அந்தக் கயிற்றை விதை போடுகிறவள் கிண்ணம் பிடித்த இடது கையிலேயே சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கும்பிட வேண்டுமென்றால் இரண்டு கையும் வேண்டுமல்லவா? கயிற்றை விட்டால்தான் கைகூப்ப முடியும், விட்டதும் உரம் நின்றுவிடும். இதைச் செய்து முடித்த அன்று அவனுடைய பழைய வாய் திரும்ப வந்துவிட்டது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

மெட்ராஸ் அதிகாரி சொன்ன நாளில் வந்தார். தலை நரைத்தவர், சட்டென்று பேசுகிறவர். வயலைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன இது, செடிக்கெல்லாம் தாலி கட்டி வெச்சிருக்கீங்க?"

கனகசபாபதி சார் மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரியின் புருவம் ஏறிக்கொண்டே போயிற்று. பிறகு பூவராகன் பக்கம் திரும்பினார்.

"நீங்களா சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே. எதுக்குச் சொன்னீங்க?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவன் ஏதாவது நீதிக்கதை பேசித் தொலைப்பான் என்று பயம்.

"வயலு தேறிச்சுன்னா நீங்க இதை எத்தினி ஏக்கர்ல போடச் சொல்லுவீங்க ஐயா?" என்று அவரையே கேட்டான். "அத்தினி ஏக்கர்லயும் பாடுவாசி நெரப்ப எங்க இருசக்கா எங்கேந்து வருவாங்க?"

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் சொன்னார், இப்போது ஓட்டிக் காட்டு என்று. தகட்டையும் கொழுவையும் தூக்கிக் கட்டிவிட்டு, வரப்புக்கு வெளியே தரிசில், கல்லுக்கு நேராகக் கோணிச் சாக்குகளை விரித்தார்கள். யார் கயிறு பிடிப்பது? இருசம்மாள் அந்தச் சண்டைக்குப் பிறகு பூவராகனோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தூரத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். அவன் அவள் அருகே போனான்.

"அன்னைக்கு அப்படிப் பேசினது தப்புதான்க்கா. வா."

அவள் அவனைப் பார்க்காமலே வந்து கயிற்றைப் பிடித்தாள். மாடு நகர்ந்தது. சாக்கின் மேல் உரம் வெள்ளைக் கோடாக விழுந்துகொண்டே வந்தது. கல்லுக்கு நேராகப் பச்சமுத்து மாட்டை நிறுத்தினான். இருசம்மாள் கயிற்றை விட்டுக் கைகூப்பினாள். கோடு அங்கேயே நின்றது. அதிகாரி குந்தி உட்கார்ந்து குழாய்க்கு அடியில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். பச்சமுத்து அன்றைக்கு வேண்டுமென்றே நீளமாக வேண்டிக்கொண்டான். அந்தக் கையில் ஒரு மணி விழவில்லை.

அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "கதவு நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வயலை வெச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது. அடுத்த தையில போடுங்க. தேறினா வேலை. இல்லேன்னா இதோட விடுங்க."

ஆக ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. கடலூர் துறைமுகத்தில் அவன் மூக்குடைபட்டதாக நன்றாகச் சிரித்தார்கள். இவன் சளைத்தானா? பட்டறை எங்கே வரவேண்டும் என்று ஷெட்டுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து, நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்துச் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்தான். மழையில் கோடு அழிந்தது. மறுபடி போட்டான். இவனுக்கு என்ன திமிர் என்று ஒரு நாள் தோன்றும். இன்னொரு நாள் அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

அறுபத்தேழு தை வந்தது. அதே வயலில் கட்டுமரத்தை இறக்கினார்கள். இந்தத் தடவை விதைத்து முடித்ததும் வயலின் நாலு பக்கமும் நடவுப் பெண்கள் யாரும் இறங்கக் கூடாது என்று சார் கயிறு கட்டிவிட்டார். எலெக்‌ஷன் சமயம், ரோட்டில் ஓயாமல் மைக் சத்தம். மெட்ராஸ் அதிகாரியால் வர முடியவில்லை. முளைப்பைப் பார்த்து எத்தனை சந்து என்று எழுதி அனுப்பச் சொல்லிவிட்டார்.

சார் யோசித்துவிட்டு இருசம்மாளைக் கூப்பிட்டார். "மத்தவங்க கண்ணுக்குத் தப்பினாலும் சந்து உங்க கண்ணுக்குத் தப்பாது. நீங்க உள்ள போய்ப் பாருங்க. பாத்ததை அப்படியே சொல்லுங்க."

அவள் கயிற்றைத் தாண்டி இறங்கினாள். ஒவ்வொரு சாலாகப் போனாள். கன்னிமார் கல்லுக்கு நேராக வந்தபோதெல்லாம் குனிந்து, இலையை விலக்கிப் பார்த்தாள். பூவராகன் வரப்பில் உட்கார்ந்து, இறுக்கமாகவே இருந்த ஒரு போல்ட்டைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறி அவள் திரும்பி வந்தாள். கல்லுக்கு நேராக ஓர் இடம்கூட இல்லை என்றாள். சார் மூச்சு விட்டார். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"தெக்கால ரெண்டு எடம் இருக்குது. ஒவ்வொண்ணும் ஒரு சாண் இருக்கும். நண்டு வளை. மொளைச்சதைக் கடிச்சிப் போட்டுகீது. அதுக்கு உன் மிஷினு இன்னா பண்ணும்?" பிறகு குரலைத் தாழ்த்திப் பூவராகனைக் கேட்டாள். "ரெண்டே ரெண்டுதாம்ப்பா. நெரப்பட்டா?"

சார் வேறு பக்கம் பார்த்தார். சுத்தமாகச் சந்தே இல்லை என்று எழுதினால் அந்த அதிகாரி அன்றைக்கே கையெழுத்துப் போடுவார் என்று எங்களுக்குத் தெரியும். இருக்கிறது என்று எழுதினால் மனுஷர் என்ன நினைப்பாரோ, யார் கண்டது?

பூவராகன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"வேணாங்க்கா. இருக்கட்டும். ரெண்டுன்னே எழுதுங்க சார்."

சார் இரண்டு என்று எழுதினார். நண்டு என்றும் எழுதினார். பங்குனி பிறந்து, உளுந்து காய் பிடிக்கும்போது மெட்ராஸிலிருந்து ஆர்டர் வந்தது. பூவராகன் மெக்கானிக் ஆனான். சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்திலேயே பட்டறையும் எழும்பிற்று. ஆர்டரைத் தூக்கிக்கொண்டு அவன் முதலில் போய் நின்றது இருசம்மாளிடம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஷினுகூட நான்தான் நடப்பேன், வேற எவளாவது வந்தா கயித்த அறுத்துடுவேன், சொல்லிப்புட்டேன்" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். ஆனால் கண் கலங்கியிருந்தது.

அறுவடை வரைக்கும் அந்த இரண்டு இடமும் வெறுமையாகவே கிடந்தன. இருசம்மாள் அந்த நாட்களில் தெற்கு வரப்புப் பக்கமே வரவில்லை. சுற்றிக்கொண்டு வடக்கு வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "அந்த ரெண்டு மொட்டையையும் பாத்தா கை நிக்க மாட்டேங்குது" என்றாள். பூவராகனுக்காக அவள் எவ்வளவோ செய்தாள், குழம்பு அனுப்பினாள், கயிறு பிடித்தாள். அந்த இரண்டு சந்துகளையும் தொடாமல் விட்டதுதான் எல்லாவற்றிலும் அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.